பீச் பழத்தின் பழுப்பு அழுகல்: எதிர்ப்புள்ள வகை 1987-லேயே தெரிந்தும் தோட்டத்துக்கு வர ஏன் இத்தனை தாமதம்?

இளவேனில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தோட்டக்கலையில் முதுகலை படிக்கும் மாணவி. அடுத்த மாதம் எங்கள் துறைக் கருத்தரங்கில் பேசுவதற்காக, பீச் பழத்தைத் தாக்கும் பழுப்பு அழுகல் நோய்க்கு எதிர்ப்புத்திறன் கொண்ட வகைகளை உருவாக்க நடந்துவரும் முயற்சிகளைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு சந்தேகம் வலுத்துக்கொண்டே போகிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நான் புரிந்துகொண்டது இதுதான். மோனிலினியா என்ற பூஞ்சையின் மூன்று இனங்கள் இந்த நோயை உண்டாக்குகின்றன. அவற்றுள் மோனிலினியா ஃபுருக்டிகோலா அமெரிக்கக் கண்டங்களில் பெருஞ்சேதம் செய்கிறது. 2001-இல் பிரான்சின் பழத்தோட்டங்களிலும் அது கண்டறியப்பட்டது. லாக்ஸா, ஃபுருக்டிஜெனா ஆகிய மற்ற இரண்டும் ஐரோப்பாவில் நெடுங்காலமாக இருப்பவை. மரம் பூத்திருக்கும்போது பூக்களைக் கருக்கும் இந்தப் பூஞ்சை, பழம் கனியும் நாட்களில் ஈரமும் மிதமான வெப்பமும் சேர்ந்து அமைந்துவிட்டால் இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு முழுப் பழத்தையும் பழுப்பாக அழுகச் செய்து, அதன் மேல் சாம்பல் நிறத் தூளாக வித்துகளை உண்டாக்கி, அடுத்த பழத்துக்குத் தாவுகிறது.

பிரேசில் நாட்டின் 'போலின்யா' என்ற பீச் வகை இந்த நோயை நன்றாகத் தாங்குகிறது என்று 1987-இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை ஒன்று தெளிவாகவே காட்டியிருக்கிறது. அதற்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனாலும் ஜார்ஜியாவிலும் தென் கரோலினாவிலும் பீச் பயிரிடுவோர் பருவந்தோறும் பலமுறை பூஞ்சைக்கொல்லி தெளித்துத்தான் அறுவடையைக் காப்பாற்றுகிறார்கள். கோதுமையின் துருநோய்க்கு எதிர்ப்பு மரபணு ஒன்று கிடைத்தால் அதை நல்ல வகைகளுக்கு மாற்றிவிடுகிறார்கள். பீச்சில் மட்டும் அது ஏன் நடக்கவில்லை? போலின்யாவின் எதிர்ப்பு உண்மையில் எங்கே இருக்கிறது, தோலிலா சதையிலா? பாதாம் மரத்தோடு பீச்சைக் கலந்து எதிர்ப்பைத் தேடுவதாகவும் படித்தேன். அதனால் உண்மையில் பயன் உண்டா?

மேற்குச்சரிவு எழுதியது:

இளவேனில் அவர்களுக்கு வணக்கம். தாவர நோயியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்வியிலேயே விடையின் ஒரு பாதி இருக்கிறது. கோதுமைத் துருவை இந்த நோயோடு ஒப்பிட்டிருக்கிறீர்களே, அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

துருப்பூஞ்சை உயிருள்ள செல்லை உண்டு வாழ்வது. செடி தன்னுள் நுழைந்த துருவை அடையாளம் கண்டு, நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள தன் செல்களைத் தானே கொன்றுவிட்டால், பூஞ்சை பட்டினி கிடந்து மடிகிறது. அந்த அடையாளம் காணும் வேலையை ஒரே மரபணு செய்துவிட முடியும் என்பதால், அந்த ஒன்றை மட்டும் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றினால் எதிர்ப்பும் கூடவே போய்விடுகிறது. மோனிலினியா அப்படிப்பட்டதன்று. அது செல்லைக் கொன்று, செத்த திசுவை உண்பது. செடி தன் செல்லைத் தானே கொன்றால் அது பூஞ்சைக்குப் பந்தி விரித்த கதையாகிவிடும். எனவே துருவுக்குக் கிடைப்பது போன்ற ஒற்றைப் பெருமரபணு எதிர்ப்பு பீச்சின் பழுப்பு அழுகலுக்கு இதுவரை கிடைக்கவில்லை. பீச்சில் ஒற்றை மரபணு எதிர்ப்பே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. பச்சை அசுவினியைத் தாங்கும் ஓங்கு மரபணு ஒன்று 'ரூபிரா' என்ற வகையில் இருக்கிறது. அழுகலில் அந்த வசதி நமக்கு வாய்க்கவில்லை.

அடுத்தது, பழத்தின் வயது. பிஞ்சாக இருக்கும்போது பீச் இந்த நோய்க்கு ஓரளவு இடங்கொடுக்கிறது. கொட்டை இறுகும் காலத்தில் நன்றாகத் தாங்குகிறது. கனியத் தொடங்கியதும் மறுபடி பலவீனமாகிறது. ஒரே மரம், ஒரே மரபணுக்கள், ஆனால் சில வாரங்களுக்குள் எதிர்ப்பு ஏறி இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் என்ன என்று தேடியவர்களின் வேலைதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது. இறுகும் நிலையில் உள்ள காயின் தோலில் குளோரோஜெனிக் அமிலம், காஃபீக் அமிலம் போன்ற பீனால் சேர்மங்கள் மிகுதியாக இருக்கின்றன. கனியக் கனிய அவை குறைகின்றன. இதைப் பார்த்தவுடன், அந்த அமிலங்கள் பூஞ்சைக்கு நஞ்சு போலும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் ரிச்சர்ட் பாஸ்டாக் குழுவினர் 1990-களின் இறுதியில் செய்த சோதனைகளில், தோலில் இருக்கும் அளவுக்கு அந்த அமிலங்களைக் கொடுத்தபோதும் பூஞ்சையின் வித்துகள் முளைத்தன, இழைகளும் தடையின்றி வளர்ந்தன. நின்றுபோனது வேறொன்று. பழத்தோலின் மேலுள்ள மெழுகுப் படலத்துக்கு அடிப்படையான கியூட்டின் என்ற பொருளைக் கரைக்கப் பூஞ்சை சுரக்கும் கியூட்டினேஸ் நொதியின் உற்பத்தி பெரிதும் குறைந்துவிட்டது. வாசலைத் திறக்கும் சாவியைப் பூஞ்சை செய்யவிடாமல் தடுப்பதே இந்தச் சேர்மங்களின் வேலை.

இதிலிருந்து உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைக்கிறது. போலின்யாவின் எதிர்ப்பு பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது. காயமில்லாத பழத்தின் மேல் வித்து கலந்த நீர்த்துளியை வைத்தால் அது தாங்குகிறது; ஊசியால் குத்திவிட்டு அதே துளியை வைத்தால் மற்றப் பீச்சுகளைப் போலவே அழுகுகிறது.

தோட்டத்தில் காயமில்லாத தோல் எங்கே இருக்கிறது என்பதுதான் அடுத்த தொல்லை. ஆலங்கட்டி, பூச்சிக்கடி, கிளை உரசல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் காயங்கள். கண்ணுக்குத் தெரியாதவையும் உண்டு. பழம் கடைசி வாரங்களில் விரைவாகப் பருக்கும்போது மெழுகுப் படலம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் நுண்ணிய வெடிப்புகள் விடுகிறது. பிரான்சின் அவிஞ்ஞோன் ஆய்வு நிலையத்தில் நெக்டரின் (தோலில் மயிர் இல்லாத பீச்) பழங்களில் இதை அளந்திருக்கிறார்கள். நீர் அதிகமாகப் பாய்ச்சிக் காய்களை அதிகமாகக் கலைத்துவிட்டால், மீதியுள்ளவை பெரிதாக வளர்கின்றன, அவற்றின் தோலில் வெடிப்பும் கூடுகிறது. பெரிய பழத்துக்குத்தான் விலை அதிகம் என்பதால், சந்தை விரும்பும் பழமே பூஞ்சைக்கும் எளிதான பழமாகிவிடுகிறது.

இளவேனில் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. கியூட்டினேஸ் பற்றிய செய்தி எனக்கு முற்றிலும் புதிது. அந்த அமிலங்கள் நேரடியாகவே பூஞ்சையைக் கொல்கின்றன என்றுதான் என் குறிப்பில் எழுதி வைத்திருந்தேன், திருத்திக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்ததும் இன்னொரு கேள்வி எழுகிறது. தோலில் உள்ள பீனால் சேர்மங்கள்தான் முக்கியம் என்றால், கனிந்த பிறகும் அவை குறையாத கன்றுகளை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் போதாதா? ஆய்வகத்தில் எளிதாக அளக்கக்கூடிய பண்புதானே அது?

ஒட்டுக்கத்தி எழுதியது:

இளவேனில், நீங்கள் சொல்லும் வழியில் நடந்து பார்த்துத்தான் அதன் விலை என்ன என்று தெரிந்துகொண்டார்கள். பழமரக் கலப்பினப் பணியில் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: எதிர்ப்புள்ள மரத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை, அதன் பழத்தை மக்கள் விரும்பி வாங்கும்படி செய்வதுதான் கடினம்.

டேவிஸில் தாமஸ் கிராட்ஸியேல் நடத்திய கலப்பினப் பணி, டப்பாவில் அடைக்கும் பீச்சுகளைப் பற்றியது. அவை கொட்டையோடு சதை ஒட்டிக்கொண்டிருக்கும், வேகவைத்தாலும் குழையாத மஞ்சள் சதை கொண்ட வகைகள். போலின்யாவும் அத்தகைய சதை கொண்டதே என்பதால் அதைப் பெற்றோராக எடுத்துக்கொள்வது இயல்பாகவே இருந்தது. ஆனால் அதன் பழம் சிறியது. பறிப்பதற்கு முன்பே உதிர்ந்துவிடும் பழக்கம் அதற்கு உண்டு. வெட்டினால் சதை விரைவில் பழுப்பேறும். இந்த மூன்றாவது குறையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆப்பிளை வெட்டி வைத்தால் நிறம் மாறுகிறதே, அதே வினைதான் இதுவும். அந்த வினைக்கு மூலப்பொருளாக இருப்பவை குளோரோஜெனிக் அமிலமும் அதன் உறவுச் சேர்மங்களுமே. தோலில் பூஞ்சையைத் தடுத்து நிறுத்தும் சேர்மம் சதையிலும் மிகுந்துவிட்டால், டப்பாவுக்குள் போகும் துண்டு பழுப்பாகித் தொழிற்சாலை அதை ஏற்காது. துவர்ப்பும் கூடும். ஆகவே வெறும் பீனால் அளவை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், யாரும் உண்ண விரும்பாத ஒரு பழத்தைத்தான் வந்தடைவோம். தோலில் மிகுந்தும் சதையில் குறைந்தும் இருக்கும் கன்றைத் தேட வேண்டும். நோயைத் தாங்குவதும் பழுப்பேறுவதும் எப்போதும் கைகோத்தே வருவதில்லை என்பதுதான் இதில் உள்ள நம்பிக்கை.

காலக் கணக்கையும் பாருங்கள். மொட்டு விரிவதற்குச் சற்று முன் மகரந்தப் பைகளை நீக்கி, கையால் மகரந்தம் இட்டு, விதை எடுத்து, அதைக் குளிர்பதனத்தில் இரண்டு மூன்று மாதங்கள் வைத்து முளைக்க விட்டால், அந்தக் கன்று முதல் பழம் தர மூன்றாவது ஆண்டாகும். ஒரு பருவத்துப் பழத்தை வைத்து எதிர்ப்பைத் தீர்மானிக்க முடியாது என்பதால் இன்னும் ஓரிரு பருவங்கள் காத்திருக்க வேண்டும். போலின்யாவின் சிறு பழத்தையும் உதிர்வையும் களைய, நல்ல வகையோடு மூன்று முறை பின்கலப்புச் செய்கிறோம், அதாவது கலப்பில் பிறந்த கன்றை மறுபடி மறுபடி நல்ல வகையோடே கலக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், அதற்கே பதினைந்து ஆண்டுகள் ஓடிவிடும். எதிர்ப்பு ஒரே மரபணுவில் இல்லாமல் பல இடங்களில் சிறுசிறு துண்டுகளாகப் பரவியிருப்பதால், ஒவ்வொரு பின்கலப்பிலும் அந்தத் துண்டுகளில் சில கைநழுவிப் போகின்றன. பழம் பெரிதாகப் பெரிதாக எதிர்ப்புத் தேய்ந்துகொண்டே போவதைத் தரவுப் புத்தகத்தில் ஆண்டுதோறும் பதிந்திருக்கிறேன். மனத்தை மிகவும் வருத்தும் வேலை அது.

இனி பாதாம். பாதாமும் பீச்சும் நெருங்கிய உறவினங்கள். இரண்டுக்கும் எட்டு இணைக் குரோமோசோம்கள். கலப்பில் பிறக்கும் மரம் வளமாகக் காய்க்கும். பிரான்சில் உருவான 'ஜி.எஃப். 677' என்ற வேர்த்தண்டு (ஒட்டுக்கு அடிமரமாகப் பயன்படும் செடி) இப்படிப்பட்ட ஒரு கலப்பினம்தான். மத்தியதரைக்கடல் நாடுகளில் பீச்சை அதன் மேல்தான் பெருமளவில் ஒட்டுகிறார்கள். டேவிஸ் குழுவினர் பாதாமிலிருந்து மரபணுத் துண்டுகளைப் பெற்ற ஒரு பீச் வழியை, 'டாக்டர் டேவிஸ்' என்ற டப்பா வகையோடு கலந்து, அந்தக் கன்றுகளின் பழங்களைக் காயப்படுத்தியும் காயப்படுத்தாமலும் சோதித்து, எதிர்ப்போடு தொடர்புடைய மரபிடங்களை, அதாவது குரோமோசோம்களில் அந்தப் பண்பு அமைந்த இடங்களை, 2013-இல் வெளியிட்டார்கள். 'லவல்' என்ற பீச் வகையின் முழு மரபணுத் தொகுதி வெளிவந்ததும் அதே ஆண்டில்தான் என்பதால், எந்த மரபணுக்கள் அந்த இடங்களில் இருக்கின்றன என்று தேடவும் முடிந்தது. போலின்யா தராத ஒன்றை, அதாவது தோல் கிழிந்த பிறகும் சதையில் அழுகல் பரவும் வேகத்தைக் குறைக்கும் பண்பை, இந்தப் பாதாம் வழியில் எதிர்பார்க்கலாம் என்பதே அதன் சிறப்பு. நீங்கள் கேட்ட பயன் அதில்தான் இருக்கிறது. தோலின் எதிர்ப்பை ஒன்றிலிருந்தும் சதையின் எதிர்ப்பை மற்றொன்றிலிருந்தும் எடுத்து ஒரே மரத்தில் சேர்ப்பதுதான் எனக்குச் சரியான பாதையாகத் தெரிகிறது. அயல் மூலங்கள் இல்லாமலே கிடைக்கும் எதிர்ப்பும் உண்டு: வட கரோலினாவில் வெளியான 'கன்டெண்டர்' வகையை வைத்து இத்தாலியில் செய்த ஆய்வு, சாதாரணப் பீச்சுக்குள்ளேயே பயன்படக்கூடிய மரபிடங்கள் இருப்பதை 2014-இல் காட்டியது.

நெடுவயல் எழுதியது:

நான் ஆய்வாளன் இல்லை. தென் கரோலினாவில் பழத்தோட்டங்களோடு தொழில் தொடர்பு உள்ளவன். மேலே இருவரும் எழுதியவற்றில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை. ஆனால் பேச்சு முழுவதும் 'முழு எதிர்ப்பு' என்ற இலக்கை நோக்கியே போவதுபோல் தோன்றுவதால், பயிரிடுவோர் தரப்பிலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்களுக்குப் பாதி எதிர்ப்புக் கிடைத்தாலே பெரிய விடுதலை. கலிபோர்னியாவின் கோடை வறண்டது; அங்கே அறுவடைக்கு முன் மழை பெய்தால் அது செய்தி. இங்கே கோடை முழுவதும் புழுக்கமும் இடிமழையும்தான். அழுகல் தொடங்கிய ஒரு பழம் கொத்தில் இருந்தால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பழமெல்லாம் போய்விடும். இதைத் தெளிப்பால் மட்டும் சமாளிக்கும் காலமும் கடந்துகொண்டிருக்கிறது. பெனோமில் வகைப் பூஞ்சைக்கொல்லிகளைத் தாங்கும் மோனிலினியா 1970-களிலேயே தோன்றிவிட்டது. அதன் பின் வந்த புரோபிகொனசோல் வகையையும் ஜார்ஜியாவில் பூஞ்சை தாங்கத் தொடங்கியதை 2000-களில் கண்டறிந்தார்கள். அந்த மருந்து தாக்கும் மரபணுவுக்கு முன்னால் ஒரு சிறு டி.என்.ஏ. துண்டு புகுந்து, அந்த மரபணுவின் உற்பத்தியைக் கூட்டிவிட்டதாக விளக்கினார்கள். மருந்து ஒவ்வொன்றாக வலுவிழக்கும்போது, அழுகலை ஒரு நாள் தாமதப்படுத்தும் மரம்கூட எங்களுக்குப் பெருந்துணை. அந்த ஒரு நாளில் பழம் பறிக்கப்பட்டுக் குளிர் அறைக்குப் போய்விடும்.

இப்படிப்பட்ட நடுத்தர வகைகளை, பழம் இன்னும் சற்றுப் பெரிதாக வேண்டும், நிறம் இன்னும் ஏற வேண்டும் என்று ஒதுக்கி வைக்காமல் வெளியிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மரத்திலேயே வற்றித் தொங்கும் பழைய பழங்களைக் குளிர்காலத்தில் அகற்றுவது, காய்ந்த கிளைகளை வெட்டுவது ஆகிய வேலைகளை நாங்கள் செய்துகொள்கிறோம்.

ஒட்டுக்கத்தி எழுதியது:

நெடுவயல் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அழுகலை ஒரு நாள் தாமதப்படுத்தும் வகை என்று ஆய்வகத்தில் பார்த்து முடிவெடுத்து, அதை நம்பித் தெளிப்பைக் குறைத்த தோட்டக்காரருக்கு அறுவடை வாரத்தில் தொடர்மழை பிடித்துக்கொண்டால், முழுப் பயிரும் போகும். அந்த இழப்பைத் தாங்கப்போவது அவர்தான், நாங்களில்லை. ஈரமான பகுதியில் குறைந்தது மூன்று பருவங்கள் தெளிப்பே இல்லாத மரங்களில் பார்த்த பிறகே அப்படி ஒரு வகையைக் கையில் கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பழத்தின் நிறத்துக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதில் உங்கள் பக்கமே நிற்கிறேன்.

இளவேனில் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கருத்தரங்கோடு சேர்த்து ஒரு சிறு சோதனையும் செய்துகாட்டும்படி எங்கள் பேராசிரியர் சொல்லியிருக்கிறார். எங்கள் வளாகத்துக்கு அருகில் ஒரே தோட்டத்தில் நான்கு பீச் வகைகள் இருக்கின்றன. நோயைத் தாங்கும் திறனை ஒப்பிட, எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்து, ஒரே நாளில் துளி வைத்து, மூன்றாம் நாள் புண்ணின் விட்டத்தை அளக்கலாம் என்று இருக்கிறேன். இது சரியா?

மேற்குச்சரிவு எழுதியது:

ஒரே நாளில் பறிக்காதீர்கள், இளவேனில். புதிதாக இதில் இறங்குவோர் பெரும்பாலும் சறுக்கும் இடம் அதுதான். நான்கு வகைகளும் ஒரே நாளில் கனிவதில்லை. பிந்திக் கனியும் வகையை அதே நாளில் பறித்தால் அது இன்னும் காயாக இருக்கும். காய்க்கே உரிய எதிர்ப்பை அந்த வகையின் எதிர்ப்பாக நீங்கள் பதிந்துவிடுவீர்கள். ஒவ்வொரு வகையையும் அதனதன் கனிவு நாளில் பறியுங்கள். கனிவை முடிவு செய்யத் தோலின் அடிநிறம் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறுவதையும், சதையின் உறுதியையும் பாருங்கள். சிவப்புப் பூச்சை நம்ப வேண்டாம், அது வெயிலைப் பொறுத்தது. பழத்தோலில் மீதமிருக்கும் பச்சையத்தைப் பழத்தை வெட்டாமலே அளக்கும் கைக்கருவி துறையில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு வகையிலும் இருபது பழங்களாவது எடுத்து, பாதியைக் குத்தியும் பாதியைக் குத்தாமலும் சோதியுங்கள். குத்தியவற்றையும் குத்தாதவற்றையும் ஒரே சராசரியில் கலக்க வேண்டாம். தோலும் சதையும் தனித்தனியாகப் பேசட்டும். குத்தாதவற்றில் எத்தனை பழங்கள் அழுகின என்பதையும், அழுகியவற்றில் புண் எவ்வளவு பெரிது என்பதையும் தனித்தனியே பதியுங்கள். பூஞ்சையின் நுழைவைத் தடுக்கும் வகை முதல் கணக்கிலும், பரவலைக் குறைக்கும் வகை இரண்டாவது கணக்கிலும் தெரியும். தோட்டத்திலேயே தொற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் உறங்கும் பூஞ்சையும் சில பழங்களில் இருக்கும் என்பதால், துளியே வைக்காத பழங்கள் சிலவற்றையும் அதே பெட்டியில், அதே ஈரத்தில் வைத்திருங்கள். அவையும் அழுகினால் அந்தப் பருவத்துக் கணக்கைத் தள்ளிவிட்டு அடுத்த ஆண்டு மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். வித்துகளின் அடர்த்தியை நுண்ணோக்கியில் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு நாட்களில் துளி வைக்கப்போவதால், ஒவ்வொரு முறையும் அதே அடர்த்தி இருந்தால்தான் நான்கு வகைகளையும் ஒப்பிட முடியும்.